திரைக்குப் பின்னால் ஒரு திரை

மார்ச் 3, செவ்வாய்

இன்று முதல் நான் எழுதப்போவதை ஒருவரும் நம்பப்போவதில்லை. இதைச் சத்தியம் செய்து சொல்கிறேன். எனக்கு இது புதிதும் அல்ல. பேருந்து நிலையத்தில் ஓய்வு பெறும்வரை ஒலிபெருக்கியில் பேசியவன் நான். 'வண்டி இதோ வந்துகொண்டிருக்கிறது' என்று நான் அறிவித்தால் பயணிகள் துண்டை விரித்துப் படுத்துவிடுவார்கள். 'இன்று வராது' என்றால் இடம் பிடிக்க ஓடுவார்கள். என்மேல் ஊருக்கு அப்படி ஒரு நம்பிக்கை.

ஆனாலும் எழுதுகிறேன். வரலாறு என்று ஒன்று இருக்கிறதே, பாவம், அதற்கு என்னை விட்டால் யார்?

கடைத்தெரு முனையில் பூட்டிக் கிடக்கும் பழைய தியேட்டரைத் திறக்கப் போகிறாளாம் அக்கா மகள். இன்று காப்பி குடித்துக்கொண்டே அறிவித்தாள். அவள் பல் டாக்டர். பகலெல்லாம் பல் பிடுங்குவாள், சாயங்காலமானால் நாடகம் போடுவாள். அவளுடைய நடிகர்கள் எல்லோரும் அவளிடம் வந்த நோயாளிகள். வாயை அகலத் திறக்கவைத்து, உள்ளே இரண்டு கருவிகளையும் விட்டுவிட்டு, "நம்ம நாடகத்துல நடிக்கிறீங்களா?" என்று கேட்பாள். "ஆ" என்பார்கள். வேறென்ன சொல்ல முடியும்? அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு தேதியும் குறித்துவிடுவாள்.

இதுவரை ஒரு மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில்தான் நாடகம். போன முறை அரசன் உயிரை விடும் கட்டத்தில் சாப்பிட்டு முடித்த ஒருவர் நடுவில் வந்து, கை கழுவ எந்தப் பக்கம் போவது என்று அரசனிடமே கேட்டார். அரசன் சாகிற கையாலேயே வழி காட்டினான். அன்றுதான் இவள் முடிவு செய்திருக்க வேண்டும்.

"எனக்கு ஒரு மேடை வேணும் மாமா. ஒரே ஒரு மேடை."

"ஒன்று என்ன, பத்து தருகிறேன்" என்றேன். அக்கா சமையலறையிலிருந்து, "டேய், முதல்ல அந்தக் காப்பி டம்ளரைக் கழுவித் தா" என்றாள்.

மார்ச் 5, வியாழன்

தியேட்டரைப் பார்க்கப் போனோம். சாவியைத் திருப்பியதும் உள்ளே இருந்த இருட்டு எங்களைத் தள்ளிக்கொண்டு வெளியே ஓடியது. அவ்வளவு நாள் அடைபட்டுக் கிடந்த இருட்டு!

வரலாற்றை நான்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். இதுதான் பெஞ்சு டிக்கெட் பகுதி. இங்கே வாழ்ந்த மூட்டைப்பூச்சிகள் சாமானியப்பட்டவை அல்ல. ஒரு படத்தின் இடைவேளையில் ஒரு முழுப் பெஞ்சையும் அதில் தூங்கிக்கொண்டிருந்த கணக்கு வாத்தியாரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விட்டன. மனுஷன் பக்கத்து ஊர் எல்லையில்தான் கண்விழித்தார்.

"எத்தனை பூச்சி இருக்கும் மாமா?"

"எண்ணலியே. எண்ணத் தெரிஞ்சவரையே தூக்கிட்டுப் போயிடுச்சே."

சிரித்தாள். முன்பக்கம் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அங்கே திரை என்பது துணி அல்ல, சுவர். வெள்ளையடித்த பெரிய சுவர், இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை. அதற்கு முன்னால் ஒரு ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவுக்குத் திட்டு. சினிமாவுக்கு அது போதும். நாடகத்துக்கு?

கையை விரித்துப் பார்த்தாள். முதுகு சுவரில் இடித்தது.

"இதுல நின்னா கம்பியில குருவி உட்கார்ந்த மாதிரி இருக்கும் மாமா."

"குருவி நாடகம் போடேன்."

சிரிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

முழங்கால் வலி. தியேட்டர் எலி கடித்துவிட்டது, எலி ஆட்டுக்கடா அளவு என்று அக்காவிடம் சொன்னேன். தைலம் கொடுத்தாள். நம்பிக்கை கொடுக்கவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்று தியேட்டரில் ஒரு பெரிய மனிதர் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார். பக்கத்துத் தெரு மெத்தைக் கடைக்காரர். உடம்பும் அவர் விற்கும் சரக்கு மாதிரியேதான், எங்கே தொட்டாலும் பஞ்சு.

"நீங்க எதுக்கு சார் அளக்கறீங்க?" என்றாள் இவள்.

"கடை போடப் போறேன். முதலாளி சொல்லிட்டாரே. நீங்க எதுக்கு அளக்கறீங்க டாக்டரம்மா?"

"நாடகம் போடப் போறேன். எனக்கும் சொல்லிட்டாரே."

இரண்டு பேரும் திரும்பி, பின்னால் நின்ற தியேட்டர் முதலாளியைப் பார்த்தார்கள். ஊரில் அவருக்குப் பெயர் 'செஞ்சிடலாம்'. தங்கமான மனுஷன். யார் எதைக் கேட்டாலும் 'செஞ்சிடலாம்' என்பார். 'முடியாது' என்ற சொல் அவர் வாயிலிருந்து பிறந்ததே இல்லை. பள்ளிக்கூடத்தில் அதைச் சிலேட்டில் எழுதச் சொன்னபோது சிலேட்டே உடைந்துவிட்டது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"ரெண்டையும் செஞ்சிடலாமே" என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டு.

"எப்படி? மெத்தை மேல நாடகமா?"

"அரசன் சாகிற காட்சிக்கு வசதியா இருக்கும்" என்று நானும் என் பங்குக்குச் சொல்லிவைத்தேன்.

கடைசியில் மாசக் கடைசிக்குள் ஒரு பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டார். அவர் பதில் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கடைசியாகக் கேட்டவருக்குச் 'செஞ்சிடலாம்'. இவள் காலையில் கேட்டால் மெத்தைக்காரர் மத்தியானம் கேட்பார். மேடையே இல்லாத இடத்துக்காக இவள் எத்தனை முறைதான் போய்க் கேட்பாள்?

மார்ச் 11, புதன்

அந்தத் திட்டிலேயே ஒத்திகை பார்த்தார்கள். அரசன் வேஷம் தபால்காரருக்கு. வாளை உருவினார், முழங்கை சுவரில் மோதியது. ஓரடி முன்னால் வந்தார், அரசன் முன்வரிசையில் விழுந்தான். கிரீடம் மட்டும் உருண்டு வாசல்வரை போய்விட்டது. அதற்காவது புத்தி இருந்தது.

எல்லோரும் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த அந்த நேரத்தில்தான் சொன்னேன்.

"திரைக்குப் பின்னால திரை இருக்கு."

"என்ன சார்?" என்றார் தபால்காரர் முட்டியைத் தேய்த்துக்கொண்டு. "சுவருக்குப் பின்னால இன்னொரு சுவரா?"

"அந்தத் திரை இல்லைய்யா! இது சினிமாத் திரை. நான் சொல்றது நாடகத் திரை. படம் எழுதுன துணி. அதுக்கு முன்னால மேடை. இந்தச் சுவரைப் பிற்பாடுதான் கட்டியிருக்காங்க. நான் சின்னப் பையனா இருக்கும்போது பார்த்திருக்கேன். அதுல ஒரு பூனை இருக்கு. கண்ணடிக்கும்."

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே! பூனைக்குப் பின்னால் ஒரு கப்பலை விட்டேன். கப்பலில் எட்டு யானையை ஏற்றினேன். யானை துதிக்கையில் தூக்கிப் பிடித்த விளக்கு இன்னும் எரிகிறது என்றுகூடச் சொன்னதாக ஞாபகம்.

தபால்காரர் அடிபட்ட முட்டியோடு விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா மகள் சிரிக்கவில்லை. என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "மாமா, இன்னிக்கு வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னாள்.

மார்ச் 12, வியாழன்

இன்னிக்கு வேண்டாமாம். சரி, வேண்டாம். எனக்கென்ன?

எனக்கென்ன என்று சொல்லிக்கொண்டே மொட்டை மாடியில் முன்னும் பின்னும் நடக்கிறேன். நான் பார்த்தேன். படம் ஓடிட்டிருக்கும்போது கரண்டு போச்சு. அப்பா தூங்கிட்டாரு. சுவர் ஓரத்துல சின்னதா ஒரு கதவு இருந்துச்சு — இப்ப அதை அடைச்சுப் பூசிட்டாங்க — அதுக்குள்ள நுழைஞ்சேன். மேல ஒரு ஓடு உடைஞ்சு வெளிச்சம் விழுந்துச்சு. பெரிய துணி. அதுல என் கண்ணு உயரத்துல ஒரு பூனை. ஒரு கண்ணை மூடிட்டு என்னைப் பார்த்துச்சு. எனக்கு எட்டு வயசு, பயந்து ஓடி வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்து அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டல, குறைக்கல. யாரும் நம்பல. மறுநாள் பூனையைப் புலின்னு சொன்னேன். தெருவே உட்கார்ந்து கேட்டுச்சு! அப்புறம் ஏன் நான் பூனைகிட்டத் திரும்பிப் போறேன்?

உண்மையைச் சொன்ன அன்று கேட்க ஆள் இல்லை. பொய் சொன்ன பிறகு எனக்கு என்றைக்குமே ஹவுஸ்ஃபுல்.

ஆனால் இப்போது ஒரு விபரீதமான சந்தேகம். இத்தனை வருடம் இந்தக் கதைக்கு இத்தனை சட்டை மாட்டிவிட்டேனே, உள்ளே உடம்பு என்று ஒன்று இருந்ததா? நான் பார்த்தேனா, இல்லை நானே கட்டினேனா?

மார்ச் 15, ஞாயிறு

மத்தியானம் அக்கா மாடிக்கு வந்தாள். கையில் வாளி நிறையக் காயப்போடும் துணி.

"மூணு நாளா சாப்பிடும்போது பொய்யே பேசல. உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல."

துணியை உதறி உதறிக் கொடியில் போட்டாள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

"அந்தப் பூனை கதை சொன்ன அன்னிக்கு நீ வெள்ளைச் சட்டை போட்டிருந்த. தோள்பட்டை பூரா நீலம். மாவு மாதிரி ஒட்டிட்டிருந்துச்சு. அம்மா பார்த்தா அடிப்பாங்கன்னு நான்தான் துவைச்சேன். கொஞ்சம் போச்சு, மிச்சம் போகவே இல்ல. சினிமா பார்க்கப் போன பையன்மேல நீலம் எங்கேருந்துடா வரும்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. ஆம், எனக்குத்தான்.

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"நீ எங்க கேட்ட? அடுத்த நாளே புலிக்குப் போயிட்டியே." காலி வாளியை எடுத்துக்கொண்டாள். "யானை கப்பலை எல்லாம் விட்டுட்டு அந்தப் பொண்ணுகிட்ட ஒழுங்கா சொல்லு. இல்ல, வேண்டாம். நீ சொன்னா நம்பமாட்டா. நான் சொல்றேன்."

மார்ச் 18, புதன்

"முதலாளி, அந்தச் சுவரை உடைச்சுப் பார்க்கலாமா?" என்றாள் அக்கா மகள்.

"செஞ்சிடலாம்."

மெத்தைக்காரரும் அங்கேதான் இருந்தார். அவருக்கு ஏக குஷி. "தாராளமா உடைங்க டாக்டரம்மா. எப்படியும் நான் இடிக்க வேண்டிய சுவருதான். எனக்கு வேலை மிச்சம்."

வெளியே வந்ததும் அவள் என்னிடம் சொன்னாள்: "மாமா, பின்னால மேடை இல்லேன்னா முதலாளியைத் தொந்தரவு பண்ண மாட்டேன். மெத்தைக்காரருக்கே இடத்தைக் கொடுக்கச் சொல்லிட்டு, நான் பல்லை மட்டும் பார்த்துக்கறேன். நாடகம் போதும்."

"வேணும்னா உடைக்காம விட்டுடலாமே" என்றேன். என் குரலா அது? கிணற்றுக்குள் இருந்து வருகிற மாதிரி இருந்தது.

"அம்மா சட்டை கதை சொன்னாங்க. சனிக்கிழமை உடைக்கறோம்."

மார்ச் 20, வெள்ளி

பார்த்தேனா?

மார்ச் 21, சனி

கொத்தனார் முதல் அடி அடித்தார். அந்தச் சத்தத்தில் ஊரில் இருக்கிற கடிகாரங்கள் எல்லாம் நின்றுவிட்டன. (நிற்கவில்லை. என் நெஞ்சுதான் ஒரு தடவை நின்று ஓடியது.)

ஓட்டை விழுந்தது. கொத்தனார் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "உள்ள இடம் இருக்கு" என்றார். நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எட்டிப் பார்க்கப் போய்த் தலையில் தலை முட்டிக்கொண்டோம். ஆள் நுழையும் அளவுக்கு இடித்ததும் அக்கா மகள்தான் முதலில் போனாள். தொம் தொம் என்று அவள் காலடிச் சத்தம். மரப்பலகைச் சத்தம்! அகலமான, ஆழமான மேடை. நாலு எட்டு ஓடினாள், திரும்பி நாலு எட்டு ஓடி வந்தாள். எங்கேயும் இடிக்கவில்லை.

அதன் கோடியில் உத்தரத்திலிருந்து தரைவரை ஒரு துணி தொங்கியது. சாம்பல் நிறம். அவ்வளவு தூசி. தபால்காரர் துடைப்பத்தால் மெல்லத் தட்டினார். தூசி எழுந்தது, அடங்கியது. நீலம். வானம்! அதற்குக் கீழே ஒரு தெரு, இரண்டு பக்கமும் வீடுகள், ஜன்னல்கள், ஒரு விளக்குக் கம்பம்.

கப்பல் இல்லை. யானை இல்லை. யாரும் அவற்றைத் தேடவும் இல்லை. எல்லோரும் தேடியது ஒன்றைத்தான்.

"பூனை எங்க சார்?"

ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தார்கள். கூரை கூரையாகப் பார்த்தார்கள். கொத்தனார் ஏணி போட்டு ஏறி வானத்தில்கூடத் தேடினார். இல்லை. "பரவாயில்ல மாமா, மேடை கிடைச்சுதே, அது போதும்" என்றாள் அவள். அந்த 'பரவாயில்ல' இருக்கிறதே, அது 'இன்னிக்கு வேண்டாம்' என்பதைவிட மோசம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவர்கள் எல்லோரும் வளர்ந்தவர்கள், நானும் வளர்ந்து தொலைத்துவிட்டேன். முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அம்மா அப்பா என்று முனகிக்கொண்டு, பலகையில் மண்டி போட்டேன். எட்டு வயசு உயரம். துணியின் வலது ஓரம், கடைசி வீட்டு வாசற்படி. கைக்குட்டையால் துடைத்தேன்.

இருந்தது. உள்ளங்கை அளவு. ஒரு கண் மூடி, ஒரு கண் திறந்து.

அவள் என் பக்கத்தில் வந்து மண்டி போட்டாள். பார்த்தாள். என் தோளில் கை வைத்தாள். துணியைத் தடவித் தேடியதில் அவள் கையெல்லாம் நீலம். என் சட்டை இன்றும் வெள்ளைதான்.

கதை இத்தோடு முடிந்தது என்று நினைத்தால், பின்னாலேயே மெத்தைக்காரர் மூச்சு வாங்க உள்ளே வந்தார். மேடையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடே, பின்னால இவ்வளவு இடமா! முன்னால கடை, பின்னால குடோன். முதலாளி, இன்னிக்கே முடிச்சுடலாமா?"

முதலாளி நெற்றியைத் துடைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு அவரும் மண்டி போட்டுப் பூனையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க தாத்தா இதை நாடகத்துக்குத்தான் கட்டினாராம். சினிமா வந்ததும் சுவர் வெச்சாங்கன்னு அப்பா சொல்லுவாரு. நான் நம்பினதே இல்ல."

எழுந்து நின்றார். வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். பல் டாக்டர் பக்கத்திலேயே இருந்ததால் எனக்குப் பயமில்லை.

"மு… முடி… முடியாது."

சொல்லிவிட்டு அவரே பயந்து சுற்றும்முற்றும் பார்த்தார். கூரை விழவில்லை. அந்த ருசி பிடித்துப்போய் இன்னொரு தடவை சொன்னார். "முடியாது சார். கடைக்கு வேற இடம் பாருங்க."

"அண்ணே, சாயங்காலம் சைக்கிள் கொஞ்சம் கொடுக்கறீங்களா?" என்று கொத்தனார் கேட்டார்.

"முடியாது!" என்றார் ஆனந்தமாக.

மார்ச் 22, ஞாயிறு

இரண்டு முழங்காலும் வேலைநிறுத்தம். அக்கா தைலம் கொடுத்தாள். இந்த முறை தேய்த்தும் விட்டாள்.

ஏப்ரல் 9, வியாழன்

சுவர் முழுக்கப் போயாயிற்று. தியேட்டருக்கு முகம் வந்தது மாதிரி இருக்கிறது. மெத்தைக்காரருக்கு எதிர்வரிசையில் நல்ல இடம் கிடைத்துவிட்டது. கோபமெல்லாம் இல்லை. நேற்று ஒத்திகை பார்க்க வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் உடனே எழுந்துவிட்டார். "இதுல மனுஷன் உட்காருவானா?" இன்று வண்டியில் திண்டு வந்து இறங்குகிறது. மூட்டைப்பூச்சிகள் எல்லாம் கூட்டம் போட்டு அவருக்கு நன்றி தெரிவித்தன. நான்தான் தலைமை.

அக்கா மகள் என்னிடம் ஒரு வேலை ஒப்படைத்திருக்கிறாள். வாசலில் ஒரு பலகை மாட்டப் போகிறார்களாம், இந்தத் தியேட்டரின் வரலாறு. "நீங்கதான் எழுதணும் மாமா. ஆனா பொய் இருக்கக் கூடாது."

மீனிடம் தண்ணீர் இல்லாமல் நீந்தச் சொல்கிறாள்.

ஏப்ரல் 17, வெள்ளி

எழுதினேன், கிழித்தேன். எழுதினேன், கிழித்தேன். பொய்யை எடுத்துவிட்டால் என் வரலாற்றில் முற்றுப்புள்ளிகள்தான் மிஞ்சுகின்றன.

மே 9, சனி

திறப்பு விழா. கூட்டம் சந்திரன்வரை வரிசையில் நின்றது. அங்கிருந்து வந்த சிலருக்கு டிக்கெட் கிடைக்கவில்லை.

மைக் வேலை செய்யவில்லை. பரவாயில்லை என்று மேடையில் நின்று நானே அறிவித்தேன்: "நாடகம் இதோ ஆரம்பமாகப் போகிறது." கூட்டத்தில் பாதிப் பேர் பழக்க தோஷத்தில் காப்பி குடிக்க எழுந்தார்கள். அக்கா முதல் வரிசையிலிருந்து எழுந்து திரும்பி, "உட்காருங்க, இவன் இப்பெல்லாம் நிஜம் பேசுறான்" என்றாள். உட்கார்ந்தார்கள். என் மானம் போயிற்று.

தபால்காரர் வாளை முழு நீளத்துக்கும் உருவினார். அரசன் நிதானமாக, வசதியாக, இடம் பார்த்துச் செத்தான். கை கழுவ யாரும் வழி கேட்கவில்லை. அவனுக்குப் பின்னால் அந்த நீல வானம். அக்கா மகள் ஓரத்தில் நின்று அழுதுகொண்டே சிரித்தாள், அல்லது சிரித்துக்கொண்டே அழுதாள். நான் இருந்த இடத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. எனக்கும் கண்ணில் தூசி.

வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது இவ்வளவுதான்: 'உள்ளே ஒரு திரை இருக்கிறது. அதில் ஒரு பூனை இருக்கிறது. குனிந்து பாருங்கள்.' நாடகம் முடிந்ததும் ஊர் முழுக்க மேடை ஏறி, வரிசையில் நின்று, ஒவ்வொருவராக மண்டி போட்டுப் பார்த்தது. மெத்தைக்காரரைத் தூக்கிவிட நாலு பேர் தேவைப்பட்டார்கள். செஞ்சிடலாமைக் கூப்பிட்டோம். "முடியாது" என்றார்.

இதையெல்லாம் யாராவது பிற்பாடு எடுத்துப் படித்தால் ஒன்று சொல்லிவிடுகிறேன். மூட்டைப்பூச்சி தூக்கிப்போன வாத்தியார், ஆட்டுக்கடா எலி, உடைந்த சிலேட்டு, சந்திரனிலிருந்து வந்தவர்கள், எல்லாம் என் சொந்தச் சரக்கு. தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம்.

பூனை மட்டும் நிஜம். இன்று கூட்டம் போன பிறகு நானும் ஒரு தடவை மண்டி போட்டேன். கண்ணடித்தது.